இரண்டு மில்லிமீட்டர்

சென்னை பெரும்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், விரித்த செய்தித்தாளின் மேல் இரண்டு வட்டத் தட்டுகள் கிடந்தன. ஒன்று அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. மற்றொன்று 72,000 கிலோமீட்டர் ஓடிய என் காரிலிருந்து கழற்றியது. இரண்டும் டிபன் தட்டு அளவுதான். வெர்னியர் அளவுகோலால் அளந்து பார்த்தேன். புதிய கிளட்ச் பிளேட்டின் தடிமன் எட்டு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது. பழையது ஆறு.

"காணாம போன ரெண்டு மில்லிமீட்டரும் மேடவாக்கம் ரோட்டுலதான் சார் இருக்கு" என்றார் மெக்கானிக் அண்ணன். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புக்குக் குடியமர்த்தப்பட்டவர் அவர். புதுப்பேட்டையில் பழகிய தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து வேலை செய்வார். அன்று அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு.

இரண்டு மில்லிமீட்டர் என்பது இரண்டு முகங்களுக்கும் சேர்த்து. பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. எங்கள் சாலைகளில் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து முறை நின்று கிளம்புவதாக வைத்துக்கொண்டால், 72,000 கிலோமீட்டரில் 3,60,000 புறப்பாடுகள். ஒரு மில்லிமீட்டரை அத்தனை பங்காக்கினால் ஒரு புறப்பாட்டுக்கு மூன்று நானோமீட்டர்கூட வராது. ஏறத்தாழ பத்து அணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். ஒவ்வொரு சிக்னலிலும் அவ்வளவுதான் உதிர்கிறது. ஆனால் அந்தப் பத்து அணு எல்லோருக்கும் பத்தாக இருப்பதில்லை. அதே மாடல் காரில் ஒருவருக்கு 30,000 கிலோமீட்டரில் தீர்ந்துபோகும் கிளட்ச், இன்னொருவருக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியும் உழைக்கிறது. பெரும்பாலும் தட்டின் தரத்தால் வரும் வித்தியாசமல்ல இது; ஓட்டுகிறவரின் இடது காலால் வருவது.

கிளட்ச் எதற்கு என்ற கேள்விக்கு விடை, பெட்ரோல் இன்ஜினின் ஒரு பலவீனத்தில் இருக்கிறது. நின்ற நிலையிலிருந்து தானே சுழலத் தொடங்க அதனால் முடியாது. நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றுக்குக் கீழே போனால் திணறி அணைந்துவிடும். காரோ நிற்கிறது, சக்கரத்தின் வேகம் பூஜ்யம். எண்ணூறையும் பூஜ்யத்தையும் ஒரே இரும்புத் தண்டால் இணைத்தால் ஏதாவது ஒன்று தோற்றாக வேண்டும். பெரும்பாலும் இன்ஜின்தான் தோற்கும். ஆகவே சிறிது நேரம் வழுக்கிக்கொண்டே பிடிக்கிற ஓர் இணைப்பு தேவைப்படுகிறது.

நீராவிக்கு இந்தத் தொல்லை இல்லை. 1903-இல் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றை இங்கேயே உருவாக்கினார். நீராவி, பிஸ்டன் அசையாமல் நிற்கும்போதே அதைத் தள்ளும். எனவே அத்தகைய இன்ஜினைச் சக்கரத்தோடு நேராகவே பிணைத்துவிடலாம். இன்றைய மின்சாரக் கார்களிலும் அப்படித்தான். பூஜ்யச் சுற்றிலேயே மோட்டார் முழு விசையைத் தருவதால் கிளட்ச் பெடலுக்கு அங்கே வேலை இல்லை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, பெட்ரோலையும் டீசலையும் நம்பியவர்களுக்கு ஓர் உராய்வுத் தட்டு துணை நிற்கிறது.

அதன் அமைப்பு எளிது. இன்ஜினின் முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான வார்ப்பிரும்புச் சக்கரம். அதன்மேல் திருகாணிகளால் பூட்டிய மூடி. மூடிக்குள் பிரஷர் பிளேட் என்ற இரும்பு வளையமும் அதை அழுத்தும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. இவை எல்லாம் இன்ஜினோடு சேர்ந்து எப்போதும் சுற்றும். ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே நம் கிளட்ச் பிளேட் நிற்கிறது. அது மட்டும் கியர்பாக்ஸ் தண்டோடு பல்வரிசையால் கோக்கப்பட்டிருக்கும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு தட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைகளைத் திருப்பிப் பாருங்கள், தட்டும் திரும்பும். பிடியைத் தளர்த்தினால் கை மட்டும் திரும்பும். கிளட்ச் பெடலை மிதிப்பது பிடியைத் தளர்த்துவது.

எவ்வளவு அழுத்தம்? ஒரு சிறிய காரில் ஸ்பிரிங்கின் விசை சுமார் 3,500 நியூட்டன்; அதாவது 350 கிலோ எடையை அந்த டிபன் தட்டின் மேல் ஏற்றி வைத்தாற்போல. உராய்வுக் கெழு 0.3, சராசரி ஆரம் எட்டு சென்டிமீட்டர், உராயும் முகங்கள் இரண்டு. நான்கையும் பெருக்கினால் 168 நியூட்டன் மீட்டர் வரும். அத்தகைய காரின் இன்ஜின் தரும் உச்சத் திருப்புவிசை 110-ஐ ஒட்டி. இன்ஜினால் தர முடிந்ததைப்போல ஒன்றரை மடங்கைத் தாங்கும்படி கிளட்ச் வடிவமைக்கப்படுகிறது. அந்த அரை மடங்கு உபரிதான் தேய்மானத்துக்கும் சூட்டுக்கும் நம் தவறுகளுக்கும் ஒதுக்கிய இருப்பு.

தட்டின் பரப்பளவு இந்தப் பெருக்கலில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று பிரெஞ்சு அறிஞர் அமோன்தோன் 1699-இலேயே அறிவித்தார். அப்படியானால் மெல்லிய வளையம் ஒன்று போதாதா? பிடிக்கப் போதும். ஆனால் பிடிக்கும்போது எழும் சூட்டைப் பரப்பிவிட அகலமான முகம் வேண்டும். கிளட்ச் பிளேட்டின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது வெப்பம்தான்.

நின்றிருக்கும் காரை ஃபர்ஸ்ட் கியரில் கிளப்புகிறோம். இன்ஜின் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, கார் மெல்ல அந்த வேகத்தை எட்டிப் பிடிக்கிறது. இந்தச் சில நொடிகளில் இன்ஜின் கொடுக்கும் ஆற்றலில் பாதி காரின் ஓட்டமாகிறது, மீதிப் பாதி கிளட்ச்சில் வெப்பமாகிறது. தட்டு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எந்த நிறுவனத்தின் தட்டை வாங்கிப் போட்டாலும் இயற்கை தன் பாதியை எடுத்துக்கொண்டே தீரும். ஆனால் மொத்தம் எவ்வளவு என்பது நம் கையில். ஆயிரம் கிலோ கார். இன்ஜின் 1,200 சுற்றில் இருக்கக் கிளட்ச்சை விட்டால், இணைந்து முடியும்போது காரின் வேகம் ஒன்பது கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். கிளட்ச்சில் எழுந்த வெப்பம் ஏறத்தாழ மூன்று கிலோஜூல். அதையே ஆக்சிலேட்டரை அழுத்தி 2,000 சுற்றில் செய்தால் எட்டு கிலோஜூல். வேகம் ஒன்றேமுக்கால் மடங்குகூட ஆகவில்லை. வெப்பம் மூன்று மடங்கை நெருங்குகிறது. வேகத்தின் வர்க்கமாக அது ஏறுவதே காரணம்.

பெரும்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் சிக்னல் வரை காலை நேரத்தில் போகிறவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரும் தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. அந்தப் பணிக்காகச் சாலை குறுகிய இடங்களில் வண்டி பத்தடிக்கு ஒருமுறை நிற்கும். நாற்பது முறை நின்று கிளம்பினால், நிதானமாக ஓட்டுகிறவரின் கிளட்ச்சில் எழும் வெப்பம் இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அவசரமாக ஓட்டுகிறவருடையது ஒரு லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கும். அதே சாலை, அதே தூரம், அலுவலகம் போய்ச் சேரும் நேரமும் ஏறத்தாழ அதேதான்.

ஆனால் கிளட்ச்சைக் கொல்வதில் இதையெல்லாம் மிஞ்சும் பழக்கம் ஒன்று உண்டு. மேடவாக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், ஆஃப் கிளட்ச்சிலேயே, அதாவது பெடலைப் பாதி விட்ட நிலையிலேயே, வண்டி பின்னால் உருளாதபடி பிடித்து வைத்திருப்பது. பலருக்கு இது திறமை. ஓட்டுநர் பயிற்சியில் இதைப் பாராட்டுகிறவர்களும் உண்டு. நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 1,200 சுற்றில் கிளட்ச்சில் எழும் வெப்பம் ஏறக்குறைய 1,000 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியின் அளவு. காற்றோட்டம் அதிகம் இல்லாத ஒரு மூடிய கூட்டுக்குள் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு விட்டதற்குச் சமம் அது. ஒரு நிமிடம் அப்படி நின்றால், சமதளத்தில் இருபது முறை கிளம்பியதற்கான வெப்பம் இறங்கிவிடுகிறது. கார் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

அப்போது வரும் தீய்ந்த வாடையைப் பலர் ரப்பர் எரிகிற வாடை என்று நினைக்கிறார்கள். கிளட்ச் பிளேட்டின் முகம் கண்ணாடி இழை, அராமிட் இழை, மெல்லிய செம்பு அல்லது பித்தளைக் கம்பி ஆகியவற்றைப் பிசினில் தோய்த்துச் சுற்றி, சூட்டில் அழுத்தி இறுக்கியது. அந்தப் பிசின் கருகத் தொடங்கும்போது எழும் வாடைதான் அது. முகம் வெறும் தேய்மானத்தைக் கடந்து தன் இயல்பையே இழக்கிறது என்ற அறிவிப்பு. பளபளவென்று கண்ணாடிபோல் ஆகிவிட்ட முகத்தின் பிடிமானம் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

பழைய காலத்து முகங்களில் கல்நாரும் இருந்தது. சூட்டைத் தாங்குவதில் அதற்கு இணை இல்லை. ஆனால் அதன் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும் என்று தெரிந்தபின் பல நாடுகள் கைவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2005 தொடக்கத்தில் அதைத் தடை செய்துவிட்டது. பழைய வண்டியின் கிளட்ச் கூட்டைத் திறக்கும்போது கொட்டும் கரும்பொடியை வாயால் ஊதுவதையும் காற்றுக்குழாயால் அடிப்பதையும் அறவே விட்டுவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே சரி. காணாமல் போன என் இரண்டு மில்லிமீட்டரின் பெரும்பகுதி உண்மையில் அந்தக் கூட்டுக்குள்தான் பொடியாகப் படிந்திருந்தது.

தேய்மானத்தின் முதல் அறிகுறி பெடல் கனப்பது. தட்டு மெலிந்தால் பிடி தளரும், பெடல் இலேசாகும் என்றுதானே தோன்றும்? நடப்பது நேரெதிர். பிரஷர் பிளேட்டை அழுத்துவது சுருள் ஸ்பிரிங் அல்ல. ஆழமற்ற கிண்ணம்போல் வளைந்த எஃகுத் தட்டு. மையத்தை நோக்கி விரல்கள்போல் கீறி விட்டிருப்பார்கள். இத்தகைய ஸ்பிரிங்கை அழுத்த அழுத்த விசை கூடிக்கொண்டே போவதில்லை. ஓர் உச்சத்தைத் தொட்டபின் குறையத் தொடங்கும். புதிய கிளட்ச்சில் அதை உச்சத்தைத் தாண்டிய இடத்தில் பொருத்தி வைப்பார்கள். தட்டு மெலிய மெலிய ஸ்பிரிங் சற்றே விரிந்து உச்சத்தை நோக்கித் திரும்புகிறது. பிடி குறையாமல், கொஞ்சம் கூடவும் செய்கிறது. அதனால்தான் 50,000, 60,000 கிலோமீட்டர் வரை கிளட்ச் ஒரு குறையும் காட்டாமல் உழைத்துவிட்டு, உச்சத்தின் மறுபக்கம் இறங்கியதும் சில வாரங்களில் கைவிட்டுவிடுகிறது. வாகனப் பொறியியலில் இதைவிட அழகான தீர்வு வெகு சிலவே என்பேன். தன் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும் ஸ்பிரிங், ஒரே ஒரு துண்டு எஃகில்!

கிளட்ச் வழுக்குகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. சமதளத்தில், எதிரே ஆளில்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, தேர்டு கியரில் போட்டு கிளட்ச்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தட்டு வழுக்குகிறது. ஒருமுறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே அதைத் தீர்த்துவிடும்.

கழற்றும் வேலைக்கு வருவோம். தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்ததை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே 1961 முதல் பத்தாண்டு உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரில் கிளட்ச் மாற்றக் காரின் அடியில் படுக்கவே வேண்டாம். முன் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் மூடியைக் கழற்றினால் கியர்பாக்ஸ் தெரியும். அதைக் காருக்குள் உட்கார்ந்தபடியே வெளியே எடுத்துவிடலாம். வீட்டு வாசலில் வேலை பார்க்க இதைவிட வசதியான கார் இந்தப் பக்கத்தில் உருவாகவில்லை என்பது என் எண்ணம்.

1983 கடைசியில் மாருதி 800 வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. இவற்றில் இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை ஓட்டுகின்றன. இடம் மிச்சம், உள்ளே உட்கார அகலம் அதிகம். ஆனால் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தட்டை மாற்ற, பேட்டரி இணைப்பு, ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் ஆயில், இரண்டு பக்கத்து ஆக்சில்கள், இன்ஜின் மவுண்ட் என்று எல்லாவற்றையும் விலக்கி, முப்பது கிலோவை ஒட்டிய கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும். என் காரில் காலை எட்டு மணிக்குத் தொடங்கி கியர்பாக்ஸ் தரைக்கு வர மதியம் ஆயிற்று. தட்டை மாற்றியது அரை மணி நேரம். திரும்பப் பூட்டி முடிக்கச் சாயங்காலம். அதனால்தான் தட்டு மட்டும் தேய்ந்திருந்தாலும் பிரஷர் பிளேட்டையும், பெடலை மிதிக்கும்போது ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து செட்டாக மாற்றச் சொல்கிறார்கள். கூலிக்கு முன்னால் அந்தப் பேரிங்கின் விலை பெரிதல்ல. ஃப்ளைவீலின் பின்னால் இருக்கும் ஆயில் சீல் கசிந்தால் அதையும் அன்றே மாற்றிவிட வேண்டும். புதுத் தட்டின் மேல் எண்ணெய் பட்டால் வண்டி கிளம்பும்போதெல்லாம் குலுங்கும்.

அண்ணன் செய்த இரண்டு காரியங்களைக் கண் எடுக்காமல் பார்த்தேன். தட்டை ஃப்ளைவீலின் நடுமையத்தில் நிறுத்த, புதுப்பேட்டையில் வாங்கிய பழைய கியர்பாக்ஸ் தண்டு ஒன்றைத் துளையில் செருகி வைத்தார். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கியர்பாக்ஸ் உள்ளே போகாது. பிறகு பிரஷர் பிளேட்டின் திருகாணிகளை எதிரெதிராக, ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று மட்டும் முறுக்கினார். ஒரு பக்கமாக இறுக்கினால் அந்தக் கிண்ண ஸ்பிரிங் கோணிவிடும். கியர்பாக்ஸை ஏற்றும்போது மட்டும் குரலை உயர்த்தினார். "தொங்க விடாதீங்க சார், கையை எடுக்காதீங்க!" தண்டு தட்டின் துளைக்குள் பாதி நுழைந்த நிலையில் கியர்பாக்ஸின் முழு எடையும் தொங்கினால் புதுத் தட்டு அங்கேயே வளைந்துவிடும்.

வீட்டிலேயே இதைச் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: கருவிகளும் அனுபவமுள்ள ஒருவரும் உடன் இருந்தால் செய்யலாம்; தனியாகக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. இரும்பு ஸ்டாண்டுகள் இல்லாமல் எவரும் காரின் அடியில் தலையை நீட்டக் கூடாது. ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவை எச்சரிக்கையே தராமல் நொறுங்கும். இதில் சமரசம் கிடையாது.

எங்கள் பகுதிக்கே உரிய கிளட்ச் நோய் ஒன்றும் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் வாழ்கிறோம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் கார்கள் நாள்கணக்கில் நீரில் நின்றன. வடிந்தபின் இன்ஜினைச் சரிசெய்தும் பல வண்டிகளில் கியர் விழவில்லை. ஃப்ளைவீலின் வார்ப்பிரும்பு துருப்பிடித்து, ஈரம் கோத்த கிளட்ச் பிளேட் அதோடு ஒட்டிக்கொண்டதே காரணம். பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடி விலகாது. வலுக்கட்டாயமாகக் கியர் போட்டு உலுக்கினால் முகம் பிய்ந்து வரும், கியர்பாக்ஸும் பழுதாகும். கூட்டைத் திறந்து சுத்தம் செய்வதே வழி. நீரில் நின்ற வண்டியை வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள், இருக்கையை முகர்கிறார்கள். கிளட்ச் சரியாக விலகுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2020-இல் ஹூண்டாய் வென்யூவில் கிளட்ச் பெடலே இல்லாத மேனுவல் கியர் வந்தது. கியர் மாற்ற முனைவதை உணரி அறிந்ததும், மோட்டார் கிளட்ச்சை இயக்குகிறது. பெடல்தான் போயிற்று, உள்ளே அதே தட்டு, அதே உராய்வு. ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரால் வண்டியை நிறுத்தி வைத்தால் அதுவும் கருகும்.

சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள். பாலத்தின் ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை நம்புங்கள். ஓடும்போது பெடலின் மேல் கால் ஓய்வெடுக்க வேண்டாம். அந்தச் சிறு எடையே ரிலீஸ் பேரிங்கைச் சுற்ற வைத்துத் தட்டின் பிடியைத் தளர்த்தும். இப்படி ஓட்டியும் ஒரு நாள் மாற்ற வேண்டி வரும்போது, பழைய தட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரு முகமும் சீராக, ரிவெட் தலை தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் அது ஆயுள் முடிந்து போன தட்டு. ரிவெட் ஆழத்தில் இருக்க முகம் கருகிக் கண்ணாடியாகியிருந்தால் காரணம் ஆஃப் கிளட்ச். எண்ணெய் மினுமினுப்பு இருந்தால் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். நடுவில் இருக்கும் சிறு ஸ்பிரிங்குகள் உடைந்திருந்தால் கிளட்ச்சை வெடுக்கென்று விடும் பழக்கம் இருக்கிறது. என்ன நடந்தது என்பதை அந்தத் தட்டு எந்த பில்லையும்விடத் தெளிவாகச் சொல்லும். அதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.